மின்சாரத்தை முந்திய முழங்கால்

மின்சாரத்தோடு ஓட்டப் பந்தயம் வைத்து ஜெயித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. வயது அறுபத்து நான்கு. இடது முழங்காலில் உறை. ஓடிய இடம் சொந்த வீட்டு மாடிப்படி. ஜெயித்ததும் ஏதோ நூலிழையில் அல்ல. மின்சாரம் முதல் திருப்பத்தைத் தொடுவதற்குள் இவர் எல்லைக் கோட்டைத் தாண்டி, முகம் கழுவி, ஒரு தேநீரையும் குடித்து முடித்துவிட்டார்.

நீங்கள் நம்ப வேண்டாம். கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மச்சானே நம்பவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மீட்டர்காரர் கீழ் அறைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, திரையில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோட்டை முறைத்துக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டிருந்தது என்பது ஒரு பேச்சுக்குத்தான். சுவரில் இருந்த பல்லிகூட அதைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு வரி: 'மீதமுள்ள நேரம்: 2 நாள் 7 மணி'.

"பத்து நிமிஷம்னு சொன்னீங்களே?" என்றார் மனைவி, தோளுக்குப் பின்னாலிருந்து.

"பத்து நிமிஷம்தான். கம்ப்யூட்டர் கொஞ்சம் தப்பா கணக்குப் போடுது."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு நாள்."

மின்சார அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கே அவர் மீட்டர்காரர்தான். மனைவி நூலகத்தில் வேலை பார்த்தவர். வாழ்நாள் முழுக்க "சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுத்தே ஓய்வு பெற்றதால், தொண்டையில் சேர்ந்துபோயிருந்த சத்தத்தையெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல், பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்காகப் பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார். இரண்டு வருட உழைப்பு. தாவரவியல், வரலாறு, பொருளியல் என்று மொத்தம் அறுபது மணி நேரம். கம்ப்யூட்டர் பாஷையில் நாற்பது ஜிபி. எல்லாம் மாடி அறையில், தொட்டால் உயிரை விட்டுவிடும் வயதில் இருந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டருக்குள் கிடந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புது ஹார்ட் டிஸ்க் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதில் போட்டுத் தர வேண்டும். மாடிக் கம்ப்யூட்டருக்கு அந்தப் புது டிஸ்க்கை அடையாளமே தெரியவில்லை. கீழ்க் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. ஆகவே மாடியில் இருப்பது கீழே வந்தாக வேண்டும். இன்று நாலு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வரும். திங்கட்கிழமை பரீட்சை. இருபத்து மூன்று பிள்ளைகள் சனியும் ஞாயிறும் காதில் மாட்டிக்கொண்டு படிக்கக் காத்திருந்தார்கள்.

"போன வாரமே கடையில குடுத்து எடுத்திருக்கலாம்," என்றார் மனைவி.

"கடையா? மாடிக்கும் கீழுக்கும் நான் என் கையால கேபிள் இழுத்திருக்கேன். ஜன்னல் வழியா இறக்கி, சுவத்துல ஓட்டை போட்டு, உனக்குக் கண்ணை உறுத்தக் கூடாதுன்னு பாய்க்கு அடியில மறைச்சுக் கொண்டுவந்திருக்கேன். அன்னைக்குச் சோதிச்சப்போ எப்படிப் பறந்துச்சு! ஒரு முழுப்படம், நீ கண்ணாடியத் தேடி எடுத்து மாட்டறதுக்குள்ள கீழ வந்துடுச்சு."

"அது ரெண்டு வாரத்துக்கு முன்னாடி."

"கேபிளுக்கு வயசாகாது."

"மனுஷனுக்கு ஆகும்," என்றது அறையின் நடுவிலிருந்து ஒரு குரல்.

மனைவியின் அண்ணன். எடையளவு ஆய்வாளராக இருந்தவர். ஊர்த் தராசுகளையெல்லாம் சந்தேகப்பட்டே முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கியவர். சந்தேகப்படுவதில் அவ்வளவு தேர்ச்சி என்றால், கடிகாரம் மணி அடித்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், கைக்கடிகாரத்தைச் சரிபார்க்க வானொலியைப் போடுவார், வானொலி சொன்னதும் "ம்ஹூம்" என்பார். முந்தாநாள்தான் விருந்தாளியாக வந்து இறங்கியிருந்தார். அவருக்காக மனைவி வாசலோரம் கிடந்த இரும்புக்கால் சாய்வு நாற்காலியை உள்ளே கொண்டுவந்து, மின்விசிறிக்கு நேர் கீழே, பாயின் மேல் போட்டிருந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். அந்த நாற்காலி அவரைத் தாங்கிய விதத்தைப் பார்த்தால் அதற்கு ஒரு விருதே கொடுக்கலாம்.

"அண்ணா, நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். அந்தப் பச்சைக் கோடும் சும்மாதான் இருக்கு. ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு இருக்கோம்."

மீட்டர்காரர் வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, வைரஸ் தடுக்கற அது ஒண்ணு இருக்கில்ல, அது ஒவ்வொரு ஃபைலையும் நிறுத்தி மோந்து பார்க்கும். அதைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்க."

"நம்ம வீட்டுலயும் ஒருத்தர் அப்படி இருக்கார்," என்றார் மீட்டர்காரர் குரலைத் தாழ்த்தி.

அதே நேரத்தில் ஆய்வாளரின் சட்டைப்பையில் போன் அலறியது. அவர் மனைவி. அந்த அழைப்புகளை அவர் எப்போதும் கொல்லைப்புறம் போய்த்தான் எடுப்பார். உலகத்துத் தராசுகளை அதட்டியவரை ஒருவர் அதட்டுவது மற்றவர் காதில் விழக் கூடாது. எழுந்து போனார்.

இங்கே மீட்டர்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளிருந்து 'கிர்ர்ர்ர்' என்று ஒரு ஆனந்த முனகல் கிளம்பியது. பச்சைக் கோடு சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. இரண்டு நாள் ஒரு நாளாகி, ஒரு நாள் ஒரு மணியாகி, ஐம்பத்தைந்து நிமிடமாயிற்று.

"வந்துடுச்சு! ஏம்மா! ஓடி வா! பறக்குது!"

மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தார். வரலாற்றின் முதல் ஐந்து பாடங்கள் கண்முன்னே கீழே குதித்தன. மீட்டர்காரர் தன் தோளில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். அதைவிடப் பெரிய பாராட்டை அவர் யாருக்கும் தந்ததில்லை.

சத்தம் கேட்டு ஆய்வாளர் போனை முடித்துக்கொண்டு வந்தார். "எங்க, பார்ப்போம்," என்று நாற்காலியில் சாய்ந்தார்.

முனகல் நின்றது. கோடு நின்றது. 'மீதமுள்ள நேரம்: 2 நாள் 2 மணி'.

"இதுதான் பறக்கறதா மாப்பிள்ளை?"

"இப்ப... இப்பத்தான் மச்சான்... நீங்க பார்க்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி..."

"நான் போற கடையில எல்லாம் இதைத்தான் சொல்வாங்க. நீங்க வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி தராசு சரியா இருந்துச்சு சார்னு."

"உங்க கண்ணு பட்டுடுச்சு மச்சான்."

"என் கண்ணு தராசு முள்ளு மாதிரி. இருந்தாத்தான் காட்டும்."

மறுபடியும் மகளுக்குப் போன்.

"ரௌட்டரை அணைச்சுப் போடுங்கப்பா."

"அது எங்கம்மா இருக்கு?"

"பச்சை விளக்கு எரியுமே, மாடியில, அம்மா மேஜைக்குப் பக்கத்துல."

மீட்டர்காரர் பத்தொன்பது படி ஏறினார். ஒவ்வொரு படிக்கும் இடது முழங்கால் 'டக்' என்று வருகைப் பதிவு கொடுத்தது. அணைத்தார். முப்பது எண்ணினார். போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேபிளில் எங்கேனும் அடைப்பு இருந்தால் தெறித்துப் போகட்டும் என்று அதையும் ஒரு உதறு உதறி மாட்டினார். பத்தொன்பது படி இறங்கினார்.

கீழே பச்சைக் கோடே இல்லை. அதுவரை வந்திருந்த வரலாறும் பாதியில் அறுந்து கிடந்தது. கோட்டுக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பெட்டி, 'கடவுச்சொல்?' என்று கேட்டுக்கொண்டு நின்றது.

"ஏம்மா! மாடிக் கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் என்ன?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது: "நாளைக்குப் பார்க்கலாம்."

"நாளைக்கா? நாலு மணிக்கு வேன் வருது!"

"நாளைக்குப் பார்க்கலாம்ங்க!"

"என்னம்மா விளையாடறே? உன் பாடம்தானே? உனக்கே அக்கறை இல்லையா?"

மனைவி கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "அதாங்க கடவுச்சொல்லே. மறந்துபோகாத வார்த்தையா வைக்கணும்னு பொண்ணு சொன்னா. குழாய் ஒழுகுதுன்னு சொன்னா நீங்க என்ன சொல்வீங்க? கதவு முனகுதுன்னா? ஒட்டடைன்னா? தினம் மூணு வேளை கேக்கறேன். செத்தாலும் மறக்காது."

நாற்காலியில் ஆய்வாளர் சிரித்த சிரிப்பில் தொப்பை குலுங்கி, இரும்புக் கால்கள் பாயில் இன்னும் ஒரு அங்குலம் இறங்கின.

கடவுச்சொல்லைத் தட்டினார். கோடு முதலிலிருந்து ஆரம்பித்தது. 'மீதமுள்ள நேரம்: 3 நாள் 1 மணி'.

"ஒரு நாள் ஏறியிருக்கு," என்றார் ஆய்வாளர். "நீங்க இன்னும் ரெண்டு தடவை ரிப்பேர் பண்ணினா அடுத்த வருஷப் பரீட்சைக்குக் குடுத்துடலாம்."

மணி பதினொன்றரை. மகள் இந்த முறை கொஞ்சம் சலிப்போடு சொன்னாள்: "அப்பா, கேபிள் எங்கயாவது நசுங்கியோ மடங்கியோ இருக்கும். ஒரு முனையில ஆரம்பிச்சு மறு முனை வரைக்கும் அடி அடியாப் பாருங்க. ஒரு இடம் விடாதீங்க."

"ஒரு இடம் விடமாட்டேன்," என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் மீட்டர்காரர்.

விடத்தான் மாட்டார். முப்பத்தோரு வருடத்தில் நாய் இருந்த வீட்டு மீட்டரைக்கூட விட்டதில்லை. மாடி ஜன்னலில் தொங்கிப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரர் பதறிப்போய், "சார், எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம், கீழ இறங்குங்க" என்று கெஞ்சும் அளவுக்குத் தொங்கினார். சுவர் ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். அங்கிருந்த எறும்புகளையெல்லாம் தனித்தனியாக விசாரித்தார் என்றே சொல்லலாம். பிறகு அறைக்குள் வந்து தவழ்ந்துகொண்டே பாயின் ஓரத்தைத் தூக்கி, கேபிளைத் தடவித் தடவி முன்னேறினார். ஐந்தடி. ஆறடி. ஏழாவது அடியில் இரண்டு பெரிய பாதங்கள் குறுக்கிட்டன.

நிமிர்ந்து பார்த்தார். மேலே, மலை உச்சியில் தெரிவதுபோல, மச்சானின் முகம்.

"என்ன மாப்பிள்ளை காலடியில? ஆசீர்வாதம் வேணும்னா நேரடியாக் கேளுங்களேன்."

மனைவியின் மூத்த அண்ணன். விருந்துக்கு வந்தவர். உட்கார்ந்திருப்பவரை "கொஞ்சம் எந்திரிங்க" என்று சொல்லிவிடலாமா? கல்யாணமாகி முப்பத்தேழு வருடத்தில் அவரை யாரும் எழுப்பியதில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோதுகூட அவரைச் சுற்றித்தான் அடித்தார்கள்.

"ஒண்ணுமில்ல மச்சான். ஒரு ஸ்க்ரூ உருண்டு வந்துடுச்சு. நீங்க உட்காருங்க."

மூன்றடியை மரியாதைக்கு விட்டுவிட்டு, நாற்காலியைச் சுற்றித் தவழ்ந்து, பின்பக்கம் போய்ப் பத்தாவது அடியிலிருந்து மறுபடி தடவ ஆரம்பித்தார். மேஜை வரை பார்த்தாயிற்று.

"ஒரு குறையும் இல்ல," என்று அறிவித்தார், கையில் புழுதியோடு. "அங்குலம் அங்குலமாப் பார்த்துட்டேன்."

திரை '4 நாள்' என்றது. உதறி மாட்டியதில் மாடி முனையும் இப்போது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மனைவி வந்து கம்ப்யூட்டரையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் நூலகக் குரலாகிவிட்டது. அந்தக் கிசுகிசுப்புக்கு வீடே பயப்படும்.

"பென்டிரைவ் இருக்குல்ல?"

"நாலு ஜிபிதான் கொள்ளும். பழசு."

"பத்துப் பதினோரு தடவை போட்டு எடுத்துட்டு வாங்க."

"நானா? கேபிள் போட்டவன் நான். கேபிள் போட்டுட்டுக் கையில தூக்கிட்டு நடந்தா, குழாய் போட்டுட்டுக் குடத்தோட தெருவுக்குப் போற மாதிரி இருக்கு. என் மானம் என்ன ஆகறது?"

"அந்தப் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்ட வேற ஆள் இல்லைங்க. திங்கக்கிழமை எதை வச்சு எழுதும்? உங்க மானத்தை வச்சா?"

மீட்டர்காரர் மெதுவாகக் குனிந்து, முழங்கால் உறையை இறுக்கிக் கட்டினார்.

"மச்சான், மணி என்ன?"

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டையும் நம்பாமல், "ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால்" என்றார்.

"கேபிள் பாட்டுக்குக் கேபிள் போகட்டும், கம்ப்யூட்டருக்குள்ள. நான் பாட்டுக்கு நான் போறேன், பள்ளிக்கூட டிஸ்க்குக்குள்ள. யாரு முதல்ல நாற்பது ஜிபி முடிக்கறாங்கன்னு பார்த்துடலாம்."

"மாப்பிள்ளை! மின்சாரத்தோட ஓடப்போறீங்களா? இந்தக் காலோடயா?" ஆய்வாளருக்கு இரண்டு நாளில் இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. "அது கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள உலகத்தைச் சுத்தி வர்ற சமாசாரம். நீங்க கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குப் போக நடுவுல ரெண்டு தடவை மூச்சு வாங்கற ஆள். நான் நடுவரா இருக்கேன். இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன். நடுவர் எழுந்தா பந்தயம் செல்லாது."

"அசையாம இருப்பீங்களா?"

"தராசை வச்சா அசையக் கூடாது மாப்பிள்ளை. தொண்ணூத்தேழு கிலோ நானூறு கிராம். இன்னைக்குக் காலையில முத்திரை குத்தின மெஷின்ல நின்னு பார்த்தேன். இதை யாரு அசைக்கறது?"

ஆரம்பமாயிற்று.

முதல் நடை கம்பீரமாகப் போனது. மேலே ஏறினார், தாவரவியலைப் பென்டிரைவில் ஏற்றினார், இறங்கினார். கீழே மனைவி வாங்கி டிஸ்க்கில் கொட்டினார். இரண்டாவது நடையில் முழங்கால் பேச ஆரம்பித்தது. மூன்றாவது நடையில் மூச்சு, கிழிந்த துருத்தி மாதிரி ஊதியது. நாலாவதில் அவர் இறங்கி வந்து பெருமையோடு நீட்டியது மூக்குக் கண்ணாடிக் கூடு.

"இதை எங்கங்க சொருகறது?"

"வச்சுக்கோ, வர்றேன்," என்று திரும்பி ஓடினார்.

ஐந்தாவது நடையில் மறுபடியும் அதே தாவரவியலைக் கொண்டுவந்துவிட்டார். "ஒளிச்சேர்க்கை ரெண்டு தடவை வந்துடுச்சு," என்றார் மனைவி. "செடி நல்லா வளரும்," என்று சொல்லிவிட்டு, வீணாய்ப்போன அந்த இரண்டு நடைகளையும் கணக்கில் சேர்க்காமல் மறுபடி ஏறினார். மேலே ஏறும் சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. ஏழாவது நடைக்குள் அந்த ஜன்னலில் மூன்று தலைகள். எட்டாவது நடைக்கு ஒருவர் கைதட்டினார்.

ஆய்வாளர் அசையவில்லை. சாப்பாடுகூட நாற்காலிக்கே வந்தது. வலது கையில் சோறு, இடது கையில் கடிகாரம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அறிக்கை வாசித்தார்:

"கேபிள், நூத்துல ஒண்ணு."

"கேபிள், அதே ஒண்ணு."

"கேபிள் இன்னும் ஒண்ணுதான். அதுக்கும் முழங்கால் வலியோ என்னவோ."

ஒன்பதாவது நடையில் மீட்டர்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மணி மூன்று இருபது. மேலே இன்னும் பொருளியல் பாக்கி. முழங்கால் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. மனைவி வந்து ஈரத்துணி சுற்றினார்.

"போதும்ங்க. மிச்சத்தை நான் போய் எடுத்துட்டு வரேன்."

"உனக்கு அந்தக் கம்ப்யூட்டரோட சுபாவம் தெரியாது. தப்பாத் தொட்டா போய்ச் சேர்ந்துடும்."

"ரெண்டு வருஷமா அதுல உட்கார்ந்து படிச்சவ நான்."

"அதான் சொல்றேன். நீ படிச்சது. விட முடியுமா?" என்று கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். அந்தப் பத்தொன்பது படிகளையும் அவர் காலால் ஏறவில்லை. மின்சார அலுவலகத்தின் மொத்த மானத்தால் ஏறினார்.

பத்தாவது நடை. பதினோராவது நடை. மூன்று ஐம்பதுக்குக் கடைசிப் பொருளியல் பாடம் டிஸ்க்கில் விழுந்தது. மனைவி எண்ணிப் பார்த்தார். எல்லாம் இருந்தது. மீட்டர்காரர் முகம் கழுவினார். தேநீர் வந்தது. குடித்துக்கொண்டே கேட்டார்:

"நடுவரே, கேபிள் எங்க இருக்கு?"

ஆய்வாளர் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். "நூத்துல... ரெண்டு."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

உள்ளே வந்தவர் பள்ளிக்கூடத்து வரலாற்று ஆசிரியை. நாற்பது வயது இருக்கும். கையில் மடக்குக் கோல். அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வாசற்படியில் நின்று, "அம்மா, நான்தான்," என்றார்.

"வாங்க டீச்சர், வாங்க!" என்று மீட்டர்காரர் நொண்டிக்கொண்டே ஓடினார்.

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. "சார்! நீங்கதானே 'நாளைக்குப் பார்க்கலாம்' சார்?"

"என்னது?"

"போன தடவை அம்மா அனுப்பின பாடத்துல எல்லாம் நீங்க இருக்கீங்க சார். 'முதலாம் உலகப் போருக்கான காரணங்கள்'னு அம்மா ஆரம்பிப்பாங்க. 'ஏங்க, குழாய் ஒழுகுது'ம்பாங்க. தூரத்துல நீங்க 'நாளைக்குப் பார்க்கலாம்'ம்பீங்க. பிள்ளைங்களுக்கு உலகப் போர் மறந்தாலும் நீங்க மறக்கமாட்டீங்க. ஒரு பையன் பரீட்சையில காரணம் நாலுன்னு எழுதி, நாலாவதா ஒழுகற குழாயைப் போட்டிருக்கான்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆய்வாளர் மரியாதைக்காக எழுந்து, "வணக்கம்மா," என்றார்.

'கிர்ர்ர்ர்' என்றது கம்ப்யூட்டர்.

உட்கார்ந்தார். 'கிர்ர்' நின்றது. யாரும் கவனிக்கவில்லை. ஆசிரியை மட்டும் தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

மனைவி டிஸ்க்கை அவர் கையில் வைத்தார். "எல்லாம் இதுல இருக்கு. இவர் பதினோரு தடவை மாடி ஏறி இறங்கி எடுத்துட்டு வந்தார்."

"மின்சாரத்தோட ஓடி ஜெயிச்சேன் டீச்சர்," என்றார் மீட்டர்காரர், தேநீர்க் கோப்பையைக் கேடயம்போல் உயர்த்தி. "முப்பத்தொம்பது ஜிபி வித்தியாசத்துல. நடுவர் சாட்சி."

"நடுவர் ஒத்துக்கலை!" என்று ஆய்வாளர் கொதித்து எழுந்தார்.

'கிர்ர்ர்ர்.'

"முப்பத்தஞ்சு வருஷ அனுபவத்துல சொல்றேன். அறுபத்து நாலு வயசு மனுஷன் ஓடி மின்சாரம் தோத்துதுன்னு எவன் சொன்னாலும் நம்பமாட்டேன். இதுல தில்லுமுல்லு இருக்கு!" என்று சொல்லி உட்கார்ந்தார்.

நிசப்தம்.

"என்ன தில்லுமுல்லு மச்சான்? நானே போட்ட கேபிளுக்கு நானே ஏன் குழி பறிக்கணும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது." மறுபடி எழுந்தார். 'கிர்ர்ர்ர்.' "கடைக்காரன் தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டி வச்சிருப்பான். பார்க்கறவனுக்குத் தெரியாது. இங்கயும் எவனோ எதையோ மேல வச்சு அழுத்தியிருக்கான். கண்டுபிடிக்காம விடமாட்டேன்!" தொப்பென்று உட்கார்ந்தார். நிசப்தம்.

"ஐயா," என்றார் ஆசிரியை மென்மையாக. "ஒரு தடவை எந்திரிங்க."

முப்பத்தேழு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை.

"யாரு, நானா?"

"ஆமாங்கய்யா. எந்திரிங்க."

வகுப்பறைக் குரல் அது. ஆய்வாளர் அறியாமலே எழுந்துவிட்டார். 'கிர்ர்ர்ர்.'

"உட்காருங்க."

நிசப்தம்.

"எந்திரிங்க."

'கிர்ர்ர்ர்.'

"நான் வந்ததிலிருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன்," என்றார் ஆசிரியை. "ஐயா எழுந்தா கம்ப்யூட்டர் வேலை செய்யுது. ஐயா உட்கார்ந்தா அதுவும் வேலையை நிறுத்திட்டு உட்கார்ந்துடுது. உங்க வீட்டுல எல்லாருக்குமே ஐயா மேல இவ்வளவு மரியாதையா?"

மனைவி திரையைப் பார்த்து வாய்விட்டுப் படித்தார், பாடம் படிப்பதுபோலவே. "ரெண்டு... நாலு... ஏழு... மீதமுள்ள நேரம், ஒரு மணி அஞ்சு நிமிஷம்."

மீட்டர்காரர் மெதுவாக மண்டியிட்டார். காலையில் மரியாதைக்கு விட்ட மூன்றடி அப்படியே கிடந்தது. நாற்காலியை நகர்த்தினார். பாயைத் தூக்கினார். இரும்புக் கால் பதிந்த இடத்தில், அவர் கையால் இழுத்த கேபிள், இஸ்திரி போட்ட ரிப்பன் மாதிரி தட்டையாகப் படுத்திருந்தது.

கம்ப்யூட்டர் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஆய்வாளரைப் பார்த்தார்கள். அவர் கேபிளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாகக் குனிந்து தன்னையே ஒரு முறை மேலிருந்து கீழ்வரை சோதித்துப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒத்துக்கறேன். மாப்பிள்ளை மின்சாரத்தோட ஓடி ஜெயிச்சது நூத்துக்கு நூறு நிஜம்," என்றார். "ஆனா பாவம், அந்த மின்சாரம் தொண்ணூத்தேழு கிலோ நானூறு கிராமைச் சுமந்துக்கிட்டு ஓடியிருக்கு."